அந்தக் கல்லடியில் கேட்ட சலாம்

மனைவி மௌத்தாகி, அவளை அடக்கி ஐந்து மாதங்கள். கல்முனை வீட்டில் நானும் சுவர்களும்தான் இருந்தோம். தூக்கம் போயிற்று. தொழுகையில் நின்றாலும் மனம் நிற்கவில்லை.

சம்மாந்துறை வயல்களுக்கு அப்பால், குளத்தோரம் ஒரு பெரிய கல்மலை உண்டு. அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. ‘அந்தக் கல்’ என்போம். அங்கே தாமாகவே உயிரை விட்டவர்கள் பலர். திடீர் மரண விசாரணை அதிகாரியாக அவர்களுக்கு அறிக்கை எழுதியவன் நான். எந்தப் படிவம், எத்தனை பிரதி, எல்லாம் மனப்பாடம். அவர்களின் துயரத்துக்குப் படிவத்தில் ஒரு வரிதான் இடம். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை.

ஒருநாள் மாலை, அஸர் தொழுகைக்குப் பின் நானே அந்தக் கல்லில் ஏறி உட்கார்ந்தேன். விசாரிக்க வருபவருக்குச் சிரமம் வேண்டாமென்று அடையாள அட்டையும் சட்டைப் பையில். அவ்வளவு ஒழுங்கான ஆள்! திடீரென்று அழுகை வந்தது. “யா அல்லாஹ், என்னோடு கதைக்க ஓர் ஆளை அனுப்பு” என்றேன். வேறு துஆ வாயில் வரவில்லை.

“அஸ்ஸலாமு அலைக்கும்!” கீழேயிருந்து ஒரு குரல். எருமை மேய்ப்பவர். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“என்ன காக்கா, சலாத்துக்குப் பதில் சொல்றது வாஜிபு. நீங்க சொல்லுமட்டும் போகமாட்டன். எருமைக்கும் அவசரமில்ல.”

கடமை என்றால் நான் தவறியதில்லை. “வ அலைக்குமுஸ்ஸலாம்” என்றேன்.

அவர் மேலே வந்து முகத்தைப் பார்த்தார். “விசாரணை சேர்தானே? இஞ்ச உயிரை விட்ட என்ட தம்பிட மையித்தைப் பார்க்கவும் நீங்கதான் வந்த. கடைசியா அவனோட ஆரும் கதைச்சாங்களா எண்டு கேட்டீங்க. இல்லெண்டன். அந்த நாள்லயிருந்து அஸருக்குப் பிறகு எருமையை இந்தப் பக்கமாத்தான் பத்திட்டு வாறன். ஆரும் இருந்தாக் கேக்கட்டுமெண்டு கல்லைப் பார்த்துச் சலாம் சொல்லுவன். இண்டைக்குத்தான் பதில் வந்திருக்கு.”

நான் கேட்குமுன்பே, எத்தனையோ வருடங்களுக்கு முன்பே, என் வழக்கமான கேள்வி ஒன்றைக் கொண்டே அல்லாஹ் எனக்கான பதிலை அனுப்பிவைத்திருந்தான். நானறிந்த எந்த அரச கந்தோரிலும் கோப்பு இப்படி நகர்ந்ததில்லை.

“எழும்புங்க சேர், பிளேன்டீ குடிப்பம்” என்றார். இறங்குமட்டும் கையை விடவில்லை.

அன்றே, கலியாணமாகி வேறு வீட்டில் இருக்கும் மகளிடம் எல்லாம் சொன்னேன். மறுநாள் அவளே என்னை மனநல வைத்தியரிடம் கூட்டிப்போனாள். மருந்தும் துஆவும் தொடர்கின்றன. தூங்குகிறேன்.

தாங்க முடியாதவர்களே, அல்லாஹ்விடம் கேளுங்கள். அவன் அனுப்பும் மனிதருக்குப் பதில் சொல்லுங்கள். மற்றவர்களே, தனித்திருப்பவரைக் கண்டால் சலாம் சொல்லுங்கள். பதில் வருமட்டும் நகராதீர்கள்.

இப்போது அஸருக்குப் பின் நானும் அந்த எருமை மேய்ப்பவருமாகப் போய்ச் சலாம் சொல்கிறோம். கொஞ்ச நேரம் காத்து நிற்கிறோம். கல்லிலிருந்து பதில் வராவிட்டால், அங்கே யாரும் இல்லையென்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லித் திரும்புகிறோம்.