கதிர்வேலு போட்ட முடிச்சு

போன வாரம், குடியரசு தினத்தன்று எங்கள் ஸ்ரீரங்கம் அபார்ட்மென்ட்டில் கொடி விரியவில்லை.

சிறப்பு விருந்தினர், ஒரு ரிட்டயர்டு தாசில்தார். கயிற்றை இழுத்தார்... இன்னொரு தரம் இழுத்தார். கொடி மூட்டையாகவே உச்சியில் நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இத்தனை வருடமாக அந்த முடிச்சைப் போட்டவர் கதிர்வேலு. எங்கள் பிளம்பர். மார்கழியில் இறந்துபோனார்.

கொடிக்குள் சாமந்தி இதழ்களை வைத்து மடித்து, ஒரு சுருக்குப் போடுவார். ஒரே இழுப்பு — கொடி விரியும், விருந்தினர் தலையில் பூ கொட்டும். எல்லோரும் போட்டோ எடுக்கும்போது, மோட்டார் ரூம் ஓரமாக விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பார்.

எங்கே கற்றார்? ராணுவத்தில். பதினேழு வருட சர்வீஸ். இது எனக்குத் தெரியும்! எங்கள் வீட்டு சிங்க் அடைப்பை எடுத்த அன்று அவரே சொன்னார்.

"கேம்ப்ல கொடி கட்டுற டியூட்டி எனக்குத்தாங்க சார்."

"அப்படியா? தண்ணி இறங்குதா பாருங்க" என்றேன் நான்.

சிறப்பு விருந்தினரை நாம் ஏன் எப்போதும் கேட்டுக்கு வெளியே தேடுகிறோம்? கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பவர் கண்ணில் படுவதே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் விருந்தினர் கடைசி நிமிடத்தில் வரவில்லை. செகரட்டரி முழித்தார். கதிர்வேலு கையில் கயிறு. அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... "சார், பத்திரிகையில எழுதறவர் நீங்க, நீங்களே ஏத்துங்க" என்றார் செகரட்டரி. பெருமையாக இருந்தது. கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

கொடி சிக்கிய அன்று சாயங்காலம்தான் திருவானைக்காவலில் அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். ஒரு மாதம் தாமதம். வெட்கமாக இருந்தது. அவர் மனைவி ஒரு பழைய மெடலை எடுத்துக் காட்டினார்.

"ஒவ்வொரு வருசமும் இதைத் துடைச்சு, சட்டைப் பைக்குள்ள வச்சுக்கிட்டுத்தாங்க வருவாரு. 'இந்தத் தடவை என்னைய ஏத்தச் சொன்னா குத்திக்கிறேன்'னுவாரு. திரும்பி வந்து பேசாம பீரோவுல வச்சிருவாரு."



கயிற்றை வாங்கிய அன்று நான் மைக்கில் பத்து நிமிடம் பேசினேன் — ராணுவ வீரர்களை நாடு மறக்கலாமா என்று. முதல் ஆளாகக் கைதட்டியவர் கதிர்வேலு.