அம்மா கேட்ட காவேரி

சுதந்திரம் வந்த புதிது. படுத்த படுக்கையாக இருந்த அம்மா, ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவேரி வெள்ளத்தைப் படத்திலாவது பார்க்க ஆசைப்பட்டாள். மைசூரிலிருந்து நானும் மனைவியும் ரயிலில் போனோம்.

லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் நண்பரின் எஸ்.எல்.ஆர். காமிராவோடு மல்லாடினேன். ஒரு படம் எடுத்ததும் கண் வைத்துப் பார்க்கும் இடம் இருட்டிவிடும். ஃபிலிமைச் சுற்றினால்தான் மறுபடி ஆறு தெரியும். அதற்குள் வெயில் மறைந்துவிடும். எரிச்சல் தாங்கவில்லை.

"மழை வரது, வாங்கோளேன்" என்ற மனைவி, தன் சின்னக் காமிராவில் ஒரே ஒரு படம் எடுத்தாள்.

கழுவி வந்த என் படங்களில் ஒவ்வொரு அலையும் துல்லியமாக விழுந்திருந்தது. "இது எந்த ஆறுடா?" என்றாள் அம்மா.

மனைவியின் படம் மங்கல். ஆனால் ஓரத்தில் படித்துறை பாதி மூழ்கித் தெரிந்தது.

"நான் அந்த நாள்ளே குளிச்ச படியெல்லாம் முழுகிடுத்தே! காவேரின்னா இது!"

அன்று நாங்கள் கெஞ்சாமலே அம்மா கஞ்சி குடித்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. எதைப் பார்க்க ஆசை என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்.