ஐந்தாம் வரிசைச் சோம்பேறிகள்

மூன்று வருடத்தில் நானூற்றுப் பதினோரு முறை பூமியைக் கோட்டை விட்டவர் தென்னரசு. ஆரணியில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போடுகிற மனுஷன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் விண்கப்பல் கமாண்டர்.

அந்த விளையாட்டை வேண்டுமென்றே அரதப் பழசாகச் செய்திருந்தார்கள். மௌஸ் செல்லாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். எதிரிக் கப்பல் என்றால் ஒரு நட்சத்திரக் குறி. ‘சுடு, வரிசை 3, கட்டம் 7’ என்று டைப் அடிக்க வேண்டும். ஜெயித்தால் பூமியைக் காத்தவர்கள் பட்டியலில் பெயர் ஏறும். அதற்குத்தான் இத்தனை பாடும். இருபது வருடமாக அவர் போட்ட மயிலும் மாங்காயும் ஊர் ஊராகக் கல்யாணத்துக்குப் போகின்றன. தென்னரசு போட்டது என்று ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. எங்கேயாவது ஓரிடத்தில் தன் பெயரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு வெறி.

ஆனால் குண்டு படவே படாது. நடு வரிசையான ஐந்தாவதில் நிற்கிறவன் மட்டும் சாவான். மற்றவர்கள் உஷார்ப் பேர்வழிகள், ஐந்தாம் வரிசைக்காரர்கள் சோம்பேறிகள் என்று தென்னரசு முடிவுகட்டியிருந்தார். ‘ஹெல்ப்’ என்று அடித்தால் விதிமுறை வரும். ஒரு கமாண்டர் போய் உதவி கேட்பதா?

ஒரு சனிக்கிழமை சாப்பாடு கொண்டுவந்த மனைவி தேவகி பின்னால் நின்று பார்த்தாள்.

“ஏங்க, எதிரி கீழ கீறான், குண்டு மேல போவுதே?”

“மூணாவது வரிசைதானே அடிச்சேன்? கீழேர்ந்து எண்ணிப் பாரு.”

“கீழேர்ந்து எவன் எண்ணுவான்?”

நெசவுக்காரன் எண்ணுவான். சேலை அடியிலிருந்துதான் ஏறும். டிசைன் தாளிலும் முதல் வரிசை அடியில்தான். தேவகிக்குப் பள்ளிக்கூட ஆபீசில் வேலை, எல்லாப் பட்டியலும் மேலிருந்து கீழே. அவளே கையை நீட்டி ‘ஹெல்ப்’ அடித்தாள். வரிசைகளை மேலிருந்து எண்ணவும் என்று வந்தது. தென்னரசுக்கு முகம் செத்துவிட்டது. நானூற்றுப் பதினோரு பூமிகள்!

சோறு ஆறிப்போனது. மேலிருந்து எண்ணி எண்ணி அடித்தார். அரை மணி நேரத்தில் எதிரிகள் பூண்டோடு காலி. ‘பூமி பிழைத்தது. கமாண்டர், உங்கள் பெயர்?’ என்று திரை கேட்டது. அவருக்குக் கண்ணீர் முட்டியது. டைப் அடித்து என்டரைத் தட்டினார்.

‘பூமியைக் காத்தவர்: காத்தாயி சில்க் பேலஸ்.’

ஒவ்வொரு டிசைன் முடிந்ததும் மூலையில் அவர் அடிக்கிற கடைப் பெயர். விரல்கள் தாமாகவே அடித்துவிட்டன. அழிக்க வழியே இல்லை.

“ஐயோ, இன்னாங்க இது?” என்று தேவகி தலையில் அடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு முதலாளி பார்த்திபன் மாடிக்கு வந்தார். திரையைப் படித்தார்.

“பரவால்லியே! நம்ம கடை பேரு அங்க வரிக்கும் பூட்ச்சா?”

செல்போனில் படம் பிடித்துக் கடையின் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டார். கைதட்டல்கள் குவிந்தன. தென்னரசும் ஒன்று போட்டார். போடாவிட்டால் நன்றாக இருக்காது.