வெள்ளிக்கிழமைகளில் விழித்த கார்

எங்கள் வீட்டுக்கு மின்சாரக் கார் வந்தபோது உருத்திரபுரத்தில் பாதிப்பேர் அதைப் பார்க்க வந்தார்கள். மற்றப் பாதிப்பேர் வந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஜப்பானில் யாரோ ஓடித் தேய்த்துவிட்டு விற்ற பழைய கார்தான். ஆனாலும் அது துளி சத்தமில்லாமல் கேற்றுக்குள் நுழைந்ததை எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்கு அந்தச் சத்தமில்லாமைதான் முதல் நாளே பிடிக்கவில்லை. யுத்தகாலத்தில், ஆளைப் பிடித்துப் போகச் சத்தமில்லாமல் வாசலில் வந்து நிற்கும் வாகனத்துக்குப் பயந்து வளர்ந்தவள் நான்.

என் கணவருக்கு மல்லாவியில் வேலை. காரை வாங்கின பிறகும் மோட்டார் சைக்கிளில்தான் போய்வந்தார். நடுவழியில் சார்ச் முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம். அதனால் கிழமை நாட்களில் கார் முற்றத்து வெயிலில் சும்மா நிற்கும். நான் வீட்டில் தையல் தைப்பவள். நாள் முழுவதும் நானும் நாலு வயது மகளும் அந்தக் காரும்தான். அதைப் பூட்டித் திறக்கிற திறப்பு சாமியறையில், பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டில் இருந்தது. வாகனம் வாங்கிவிட்டுத் திறப்பைச் சாமிக்கு முன் வைக்காத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. சைக்கிள் வாங்கியபோதே வைத்தவர்கள் நாங்கள்.

முதல் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையல் முடித்து, தலை முழுகி, மத்தியானத்துக்குச் சற்று முன் சாமியறையில் நின்றேன். படங்களுக்குச் சந்தனம் வைத்து, திறப்புக்கும் வைத்தேன். உடனே முற்றத்தில் ஒரு பெண் பேசினாள். எனக்கு விளங்காத பாஷை. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை. காரின் லைற்றுகள் எரிந்துகொண்டிருந்தன. மடித்திருந்த பக்கக் கண்ணாடிகள் இரண்டும் மாட்டுக் காது மாதிரி விரிந்து நின்றன. உள்ளே ஏசி சீறியது. பூட்டியிருந்த கதவை மெல்ல இழுத்தேன், திறந்துகொண்டது. அறைந்து சாத்திவிட்டு உள்ளே ஓடிவந்தேன். பூசையைப் பாதியில் விடுவது அதைவிடப் பயம் என்பதால் கற்பூரம் காட்டி, குங்குமமும் வைத்து முடித்தேன். முற்றத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். மறுபடி எட்டிப் பார்த்தபோது கார் ஒன்றும் தெரியாததுபோல் நின்றது.

அடுத்த வெள்ளியும் அதே கூத்து. அதற்கடுத்த வெள்ளியும் அதே. கணவரிடம் சொன்னேன்.

“வயரிங் பிழையா இருக்கும். கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்க் காட்டுவம்,” என்றார். “அதுவரைக்கும் தானா வேலை செய்தா கிட்டப் போகாதேயும். கரண்ட் வாகனம். தகட்டில ஏறியிருந்தா ஆளை அடிச்சுப்போடும்.”

பயத்துக்கு இன்னும் ஒரு பிடி உப்புப் போட்டதுதான் மிச்சம். வயரிங் பிழைக்கு வெள்ளிக்கிழமை எப்படித் தெரியும்? ஜப்பானில் அந்தக் காருக்குள் ஒருத்தி செத்திருக்க வேண்டும், பேசுவது அவள்தான் என்று நான் முடிவுகட்டினேன். சிரிக்காதீர்கள். தனியாக வீட்டிலிருந்து, தானாகக் கதவு திறக்கும் காரை மூன்று கிழமை பார்த்திருந்தால் நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். நடந்து போனால்கூட அதைச் சுற்றித்தான் போவேன். மகளுக்கும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லியிருந்தேன்.

நாலாவது வெள்ளி. சந்தனம் வைத்ததும் அந்தக் குரல் கேட்டது. இந்தமுறை வெளியே போகவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தேவாரம் முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னேன். கற்பூரம் எரிந்து முடியும் வரை அசையவில்லை. பிறகு குங்குமம் வைத்தேன். ‘டக்’ என்ற சத்தம் வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அப்போதுதான் மகளின் அழுகை கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அடைத்துக் கேட்டது.

பிள்ளை காரின் பின்சீற்றில் நின்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்திருந்தாள். பின்கதவுகளை உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி கணவர் முதல் நாளே மாற்றிவைத்திருந்தார், ஓடும்போது பிள்ளை திறந்துவிடக் கூடாது என்று. உச்சி வெயில். கண்ணாடி நாலும் மேலே.

ஓடிப்போய்க் கதவுப்பிடிக்குக் கையை நீட்டினேன். ஒரு விரல் தூரத்தில் கை நின்றுவிட்டது. கரண்ட் அடித்தால்? நான் விழுந்தால் பிள்ளையை யார் எடுப்பது? பிள்ளையையே அடித்தால்? கார் தானாக ஓடத் தொடங்கி எதிரே உள்ள வாய்க்காலுக்குள் இறங்கினால்? எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் வந்தன.

“கண்ணாடியைத் தொடாதேங்கோ! கையை எடுங்கோ!” என்று கத்தினேன். அவள் இன்னும் கூட அழுதாள். நான் பின்னுக்குப் போனேன். கேற்றடிக்கு ஓடி “ஆராவது வாங்கோ!” என்று கத்தினேன். திரும்பி ஓடிவந்து பார்த்தேன். மறுபடி கேற்றடிக்கு ஓடினேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய தலைமயிர் நெற்றியில் நனைந்து ஒட்டும் அளவு நேரம்.

எதிர்வீட்டு அக்கா உடுப்புத் தோய்த்த ஈரக் கையோடு வந்தா. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். “தொடாதேங்கோ அக்கா, கரண்ட்!” என்று நான் சொல்லி முடிக்குமுன் கதவில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினா. ஒன்றும் நடக்கவில்லை.

“ஒண்ணும் செய்யலையே தங்கச்சி. சாவி எங்க?”

அதுவரை திறப்பை எடுக்கலாம் என்ற நினைவே எனக்கு வரவில்லை. தானாகத் திறந்து தானாகப் பூட்டும் காரைத் திறப்பால் திறக்கலாம் என்று எப்படித் தோன்றும்? சாமியறைக்கு ஓடினேன். திறப்பின் நடுவில் வட்டமாக ஒரு பொத்தான், பொட்டு வைப்பதற்கென்றே செய்த நெற்றிபோல. அதன்மேல் சந்தனமும் குங்குமமும் இன்னும் ஈரமாக இருந்தன. அவசரத்தில் அங்கேயே நின்று அமத்தினேன்.

முற்றத்தில் அந்த ஜப்பான்காரி பேசினாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சந்தனம் வைக்கும்போது என் விரல்தான் அமத்தித் திறந்திருக்கிறது. குங்குமம் வைக்கும்போது என் விரல்தான் பூட்டியிருக்கிறது. லைற்றும் ஏசியும் அந்தக் குரலும் அதே பொத்தானோடு சேர்ந்த வேலைதான். நான் கண்ணை மூடித் தேவாரம் படித்த அந்த இடைவெளியில், கதவு திறக்கிற சத்தம் கேட்டுப் பிள்ளை ஏறிக் கதவையும் சாத்தியிருக்கிறாள்.

நான் வெளியே வந்தபோது அக்கா கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கியிருந்தா. சட்டை பிழிந்தால் தண்ணி வரும்போல் இருந்தது. முகம் சிவந்து கிடந்தது, ஆனால் நல்லாய் மூச்சு விட்டாள். தண்ணீர் குடித்தாள், இன்னும் கேட்டாள். கணவருக்குப் போன் எடுத்து அழுதுகொண்டே சொன்னேன். அவர் பிள்ளைக்கு ஒன்றுமில்லையே என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, பிறகு நிம்மதியில் சிரித்தார். “இனித் திறப்புக்குப் பொட்டு வைக்காதேயும்,” என்றார். பின்னேரத்துக்குள் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. காருக்குக் குங்குமத்தால் பூட்டுப் போட்டவள் என்று பகிடி பண்ணினார்கள். உயிர் திரும்பி வந்த சந்தோசத்தில் நானும் சேர்ந்து சிரித்தேன்.

எல்லோரும் போனபிறகு மகளைக் குளிப்பாட்டி மடியில் வைத்துத் தலை துவட்டினேன்.

“அம்மா, நான் கூப்பிடக் கூப்பிட நீங்கள் ஏன் பின்னுக்குப் போனனீங்கள்?”

“அம்மாவுக்குப் பயமா இருந்தது, குஞ்சு.”

அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னத்துக்குப் பயம்? உள்ளுக்கு நான்தானே இருந்தனான்.”