பதினைந்து மணி நேரத்து மகன்

லண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் பதினைந்து மணி நேரம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் அண்ணன். ‘பக்கம்தான் அப்பா, ஏறிப் படுத்தால் மறுநாள் வீடு’ என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுவான். அவனை ‘அவர்’ என்று எழுத எனக்கு மனமில்லை. படிக்கப் போனவன் வேலை தேடிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.

மலேசியாவின் வடக்கே, பாடாங் செராய்க்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. விடியலில் பால்மரம் வெட்டப் போய், திரும்பி வந்து, படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவைக் குளிப்பாட்டிக் கஞ்சி ஊட்டியவள் நான். அவரோ பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், “எம்மவன் நெனச்சா நாளைக்கே வந்துருவான்லா” என்று பீற்றிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா போய்ச்சேர்ந்தார். எஸ்டேட்டில் எங்களை வேலை வாங்கும் தண்டல், ஆபீசிலிருந்து லண்டனுக்குப் போன் போட்டார். “பதினஞ்சு மணி நேரத்துல வந்துருவேன், வச்சிருங்க” என்றானாம். விமானத்துக்குள் காலெடுத்து வைக்காத ஜனங்கள் அதை அப்படியே நம்பி, மறுநாள் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். டிக்கெட் கிடைக்க வேண்டும், நடுவழியில் விமானம் இறங்கி ஏற வேண்டும், கோலாலம்பூரிலிருந்து பஸ் பிடித்து வடக்கே வர வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானமும் ஆளைக் காணோம். “நானே கொள்ளி வைக்கிறேன்” என்றேன்.

“பொம்பளப் புள்ள பேசுற பேச்சா இது? தலப்புள்ள உசுரோட இருக்கான்லா” என்று தண்டல் அதட்டினார். பாசார் மீன்கடையிலிருந்து ஐஸ் கட்டி வந்தது. நான் தினமும் பவுடர் போட்டு வைத்திருந்த உடம்பு மீன் நாற்றத்தில் கிடந்தது. அந்த லயத்தில் ஒருவரையும் நான் அதற்காக மன்னிக்கவில்லை.

மூன்றாம் நாள் டாக்சியில் வந்து இறங்கினான். வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். “பதினஞ்சு மணி நேரம் கால நீட்ட முடியல தங்கச்சி, ஒடம்பே வலிக்குது” என்றான்.

“அப்பா ஒம்பது வருஷமா வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. அவருக்கு வலிக்கலையாண்ணே?” என்றேன். கூட்டம் என்னைத்தான் முறைத்தது.

கொள்ளி வைத்தான். அந்த வாரமே லீவு முடிந்துவிட்டது என்று கிளம்பிவிட்டான். கருமாதி நெருங்கியபோது தண்டல் வீட்டுக்கு வந்தார். காரியம் செய்ய ஆள் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு, “நீயே செஞ்சிடும்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றார்.

“தலப்புள்ள உசுரோடதான இருக்கான்? போன் போடுங்க மாமா. பதினஞ்சு மணி நேரந்தான” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.