பாஸ் பட்டன் இருந்த இடம்

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். எங்காவது ஒரு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டால் அவருக்குப் போன் வரும். போனதும் பையைத் திறக்கமாட்டார். மூடிய கதவருகே முகத்தைக் கொண்டுபோய், "உள்ள எத்தனை பேரு? நான் வந்துட்டேன், இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார்.

"பழுது அப்புறம் மச்சான். மொதல்ல நம்ம குரல் உள்ள போகணும்" என்பார் என்னிடம். அக்கா வீட்டில்தான் நானும் தங்கியிருக்கிறேன்.

வேலை முடிந்து வந்தால், கணினி விளையாட்டில் அவர் போர் விமானி. சாப்பாட்டு மேசையின் பாதியைக் கணினி பிடித்துக்கொண்டது. கைக்கு ஒரு பிடி, காலுக்கு இரண்டு மிதிகள், காதில் ஹெட்செட். ஞாயிறு மதியங்களில் இணையத்தில் ஒன்பது பேர் சேர்ந்து பறப்பார்கள். அந்தக் குழுவில் அவருக்குப் பெயர் 'தீயணைப்பு'. எஞ்சினில் தீயோ, எரிபொருள் கசிவோ, சக்கரம் இறங்க மறுப்பதோ, எது வந்தாலும் பதறாமல் தரையிறக்கிவிடுவார் என்று பேச்சு. சாட்சிக்கு அவர் போட்டிருந்த இருபத்திரண்டு வீடியோக்கள்.

அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது ஒரு பட்டன். தனியாகப் பறக்கும்போது, ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பாஸ் பட்டனை அழுத்தினால் எரிகிற விமானம் நடுவானில் அப்படியே நிற்கும். எந்தக் கோளாறுக்கு எந்த சுவிட்ச் என்று எழுதிவைத்திருந்த நோட்டை அத்தான் புரட்டுவார். ஒரு வரி படிப்பார், டீ ஒரு வாய், ஒரு சுவிட்ச், மறுபடி பாஸ். தொண்ணூறு நொடித் தீயை அணைக்க இருபது நிமிடம். நின்ற இடங்களையெல்லாம் வெட்டி, ஒரே மூச்சில் நடந்ததுபோல் ஒட்டிக் கொடுத்தவன் நான். வெட்டிய இடம் தெரியாமல் ஒட்டியதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

"யாரை ஏமாத்த இதெல்லாம்?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

"விளையாட்டுதானே" என்றார் அத்தான். நான் திரையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

குழுப் பறத்தலில் பாஸ் கிடையாது. ஒருவர் நிறுத்தினால் மற்ற எட்டுப் பேரும் நிற்க வேண்டுமே. இரண்டு வருடம் ஒரு தீயும் வராமல் தப்பித்தார். போன ஞாயிறு மாட்டிக்கொண்டார்.

அன்று மலைக்கு மேலே அடர்ந்த மேகம். அத்தான் முன்னால். அவருடைய வலது இறக்கையை ஒட்டிப் பள்ளி வேன் டிரைவர், நாலு தெரு தள்ளி இருப்பவர். மேகத்துக்குள் பின்னால் வருகிறவர் தன் மீட்டர்களைப் பார்க்கக்கூடாது. முன்னால் போகிறவரின் இறக்கை விளக்கை மட்டும்தான் பார்க்க வேண்டும். அவர் ஏறினால் ஏறணும், இறங்கினால் இறங்கணும். மிச்சமெல்லாம் நம்பிக்கை.

கீழிருந்து ஒரு குண்டு. இடது எஞ்சினில் தீ. அத்தானின் விரல் பாஸ் பட்டனுக்குப் போனது. எதுவும் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினார், மறுபடி. அப்புறம் கை பதறி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது எஞ்சினை அணைத்துவிட்டார். விமானம் கல் மாதிரி இறங்கத் தொடங்கியது. ஒரு வார்த்தை பேசாமல், விமானியை வெளியே தள்ளும் நெம்புகோலை இழுத்துக் குதித்துவிட்டார்.

ஆள் இல்லாத விமானத்தின் விளக்கைப் பார்த்துக்கொண்டே டிரைவர் பின்னால் போனார். மலையில் மோதும் வரைக்கும் போனார்.

பிறகு ஸ்பீக்கரில் டிரைவர் கேட்டார்: "குதிச்சிட்டியாப்பா? சொல்லவே இல்லியே?"

அத்தான் என்னை ஒரு தடவை பார்த்தார். "சொன்னேனே. மைக் வேலை செய்யலபோல" என்றார். எல்லோரும் நம்பினார்கள். தீயணைப்பு சொன்னால் நம்பாமல் எப்படி?

மறுநாள் சாயங்காலம் வாசலில் டிரைவர். வேன் சாவி விரலில் தொங்க, கையில் ஒரு பை. "எங்கிட்ட பழைய மைக் ஒண்ணு சும்மா கெடந்துச்சு. இத வச்சுக்கோ." உள்ளே வந்தவர் சும்மா இருக்கவில்லை. "உன்னோடதுல என்ன கோளாறுன்னு பாப்பமே" என்று அத்தானின் ஹெட்செட்டை மாட்டி, "ஹலோ, ஹலோ" என்றார். கணினியின் ஸ்பீக்கரில் அவர் குரல் கணீரென்று ஒலித்தது.

"நல்லாத்தானே இருக்கு!" என்று சந்தோஷப்பட்டார் பாவம். "ஒயரு ஆடியிருக்கும், விடு. ஆமா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தத் தீ வீடியோவப் பாத்து நானும் நாப்பது தடவ பண்ணிட்டேன்ப்பா. ஒரு தடவகூட வரல. நமக்கு மண்டையில ஒண்ணும் ஏறாதுன்னு விட்டுட்டேன். நீ எப்படித்தான் செய்ற?"

அத்தான் மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். டீயோடு வந்த அக்கா பாதியிலேயே நின்றாள். எனக்கு எழுந்து போய்விடலாம் என்றிருந்தது.

"மைக்குல ஒண்ணும் இல்ல" என்றார் அத்தான். "நான் சொல்லல. பயத்துல குதிச்சிட்டேன். நீ பின்னாடி வர்றதே ஞாபகம் இல்ல."

டிரைவர் சாவியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"வீடியோவும் பொய். நிறுத்தி நிறுத்திப் பண்ணது. உனக்கு வரலன்னா அது உன் தப்பு இல்ல. எனக்கும் வராது."

"வெட்டினது நான்" என்றேன். யார் காதிலும் விழுந்த மாதிரி தெரியவில்லை.

டிரைவர் டீயை எடுக்கவில்லை. "என் பொண்ணு சிரிச்சா, தெரியுமா" என்றார். "நாப்பது தடவ விழுந்ததப் பாத்து." வாசல் வரை போனவர் திரும்பினார். அத்தான் நீட்டிய பையை வாங்கவில்லை. "வச்சுக்கோ. ரெண்டு மைக் இருந்தா ஒண்ணுலயாவது சொல்லுவே."

அன்றே வீடியோக்களை எடுத்துவிட்டோம். கீபோர்டிலிருந்து பாஸ் பட்டனைத் திருப்புளியால் நெம்பி எடுத்தார் அத்தான். விழுந்த பல் மாதிரி அங்கே ஒரு குழி.

ஞாயிறு வந்தது. பறப்பதற்கு முன்னால் குழுவில் எல்லாவற்றையும் சொன்னார். காது மடல் சிவந்திருந்தது. யாரோ ஒருவர், "அப்போ இனி உன் பேரு டீ பிரேக்" என்றார். சிரித்தார்கள். டிரைவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. "இன்னிக்கி நான் முன்னாடி" என்று மட்டும் சொன்னார்.

இந்த முறை தீயை வேண்டுமென்றே வைத்துக்கொண்டார்கள், பயிற்சிக்கு. சிவப்பு விளக்கு எரிந்தது. அத்தானின் விரல் பழக்கத்தில் அந்தக் குழிக்குள் போய் முட்டியது. அங்கேயே இருந்தது.

"எனக்கு எடது எஞ்சின்ல தீ" என்றார். "கை ஓடல."

"வாய் ஓடுதில்ல? பேசிக்கிட்டே பண்ணு" என்றார் டிரைவர்.

இடது எஞ்சினைத்தான் அணைத்தார், சரியாக. ஆனால் அதற்குள் தீ இறக்கைக்குப் பரவிவிட்டது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடுக்களையில் தண்ணீர்க் குழாயை அக்கா மூடும் சத்தம்.

"முடியலப்பா. குதிக்கிறேன். கேக்குதா? நான் குதிக்கிறேன்."

"கேக்குது" என்றார் டிரைவர்.

அதற்குப் பிறகுதான் நெம்புகோலை இழுத்தார்.