மிச்சம் மாமிக்கு

இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றாமலேயே ராகேல் அடுப்படிக்குள் நுழைந்துவிடுவாள். காதுக்குப் பின்னால் நீலநிறச் சாக்பீஸ், உதட்டோரத்தில் இரண்டு குண்டூசிகள். ஊசிகளைக் கவ்வியபடியே, "தேங்கா எவ்வளவு பிள்ளே துருவியிருக்கு?" என்று கேட்பாள். அந்த லைன் வீடுகளின் பிள்ளைகளுக்கு அவள் ஊசியோடு பேசுவதும் புரியும், ஊசியில்லாமல் பேசுவதும் புரியும். ஊசியில்லாமல் பேசும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும் என்பதும் தெரியும்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், கிள்ளிப்பாலம் போகும் வழியில், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஆறு வீடுகள். மூன்றாவது வீட்டு முன்னறையில் ராகேலின் தையல் மெஷின். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள். கணவன் திரவியம் சாலையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை செய்கிறான். நாளெல்லாம் ஆணியும் கொண்டியும் எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். மீதி வார்த்தைகளை ராகேல் பேசிவிடுவாள்.

அவளுக்கு எல்லாமே இஞ்சுதான். பஸ்ஸில் போய் வந்தால், "முன் சீட்டுல இருந்த அம்மைக்கு நாப்பது இஞ்சு. ஜாக்கெட்ட முப்பத்தெட்டுல தச்சு வச்சிருக்கா எவளோ. பாவம், மூச்சு முட்டுது" என்பாள். ஒருநாள் விழிஞ்ஞத்திலிருந்து கூடை சுமந்து வருகிற மீன்காரியிடம், சாளை மீனை டேப் வைத்து அளந்து, "நேத்து ஆறேகால் இஞ்சு இருந்து. இன்னைக்கு அஞ்சரைதான்" என்று சண்டை பிடித்தாள். மீன்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "நீ என்ன, மீனுக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்று கேட்டதை லைன் வீடுகளில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் வந்தால் ராகேல் முந்திரிக்கொத்து செய்வாள். பெயரில்தான் முந்திரி, உள்ளே வறுத்துப் பொடித்த சிறுபயறு, தேங்காய், எள், ஏலம், வெல்லப்பாகு. சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்து, மூன்று மூன்றாக மஞ்சள் கலந்த அரிசிமாவில் முக்கி எண்ணெயில் விட்டால், மூன்றும் ஒட்டிக்கொண்டு திராட்சைக்கொத்து போல மேலே வரும். மூன்று சேர்ந்தால்தான் கொத்து. ராகேலின் கள்ளத்தனம் முழுக்க இந்த மூன்றில்தான் இருந்தது.

98-ஆம் வருஷம் டிசம்பரில், அடுத்த வீட்டுப் பிரேமா தன் மகள் ரேஷ்மியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பிரேமாவுக்கு ஒரு சர்க்கார் ஆபீஸில் கிளார்க் வேலை. ரேஷ்மிக்கு ஒன்பது வயது. ஓணப் பரீட்சையில் கணக்குக்கு ஐம்பதுக்கு ஒன்பது வாங்கியிருந்தாள். கிறிஸ்துமஸ் பரீட்சை முடிந்திருந்தது. எவ்வளவு வரும் என்று கேட்டால் கூரையைப் பார்த்தாள்.

"அக்கா, லீவு முடியுறதுக்குள்ள இவளுக்குக் கொஞ்சம் கணக்கு சொல்லிக் குடுங்க."

"நானா? நான் பத்தாங்கிளாசு கணக்குல ரெண்டு மட்டம் தோத்தவளாக்கும். ஒனக்கு ஆளு தப்பிப் போச்சு பிரேமா."

"ஒங்க செல்வின் இருக்கான்ல. பக்கத்துல உக்காந்தா கொஞ்சமாவது ஒட்டாதா?"

ராகேலின் மகன் செல்வின் ஏழாம் வகுப்பில் கணக்குக்கு முதல் ஆள். பென்சிலைக் கூர் தீட்டாமல் ஒரு கூட்டல்கூடப் போடமாட்டான்.

போகும்போது பிரேமா மகளிடம் திரும்பிச் சொன்னாள்: "இருபத்தினாலாந்தேதி சாயங்காலம் நானே கணக்கு கேப்பேன். சொல்லலேன்னா கரோலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அந்த லைன் வீடுகளில் கோயிலுக்குப் போகிற வீடு, சபைக்குப் போகிற வீடு என்ற பேதமில்லாமல் எல்லாப் பிள்ளைகளும் கரோலுக்குப் போவார்கள். ரேஷ்மிக்குத் தேவதை வேஷம். வெள்ளை உடுப்பு தைத்து முடித்து, சிறகுக்கு ஜரிகை மட்டும் பாக்கி. ராகேலின் அலமாரியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. ரேஷ்மி அன்று அலமாரிக் கதவை மட்டும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

ராகேல் கணக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலைக்கு வைத்தாள். அடுப்படிச் சட்டங்கள் மூன்று. விடை தப்பினால் ஒரு தேங்காய் மூடி துருவ வேண்டும். விடை சரியானால் உடைந்த கொத்து ஒன்று கிடைக்கும். வகுத்தபின் மிஞ்சுகிற உருண்டை மாமிக்கு, அதாவது ராகேலுக்கு.

"ஒரு கிலோ பயறுக்கு முக்காக் கிலோ வெல்லம். ரெண்டரைக் கிலோ பயறுக்கு?" என்று இருபத்தினாலாம் தேதி காலையில் ஆரம்பித்தாள். செல்வின் நோட்டைத் திறந்து பெருக்கத் தொடங்கினான். ரேஷ்மி விழித்தாள். ராகேல் டேப்பைக் கழுத்திலிருந்து இழுத்து, துணி மடிப்பது போல மடித்தாள். "ரெண்டுக்கு ஒண்ணரை. செரியா? பாக்கி அரைக்கு, முக்காலில பாதி. முக்கால மடக்கிப் பாரு, மூணு அரைக்கால். ஆகக்கூடி ஒண்ணேமுக்காலும் ஒரு அரைக்காலும்."

செல்வின் தலைநிமிர்ந்து, "ஒண்ணு புள்ளி எட்டு ஏழு அஞ்சு" என்றான்.

"உறப்பாணோ?" என்றாள் ராகேல்.

நிச்சயமா என்று கேட்பதற்கு அவள் இந்த மலையாள வார்த்தையைத்தான் வைத்திருந்தாள். கேட்கும்போது குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பிள்ளையின் கண்ணையே பார்ப்பாள். பிள்ளை கண்ணைத் தாழ்த்தினால் விடை தப்பு. தாழ்த்தாமல் நின்றால் சரி. இதைவிட வேறு திருத்தும் முறை அவளிடம் இல்லை. செல்வின் எப்போதும்போல, "ஒருமட்டம் கூடப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று நோட்டுக்குள் குனிந்தான். பாவம், சரியான விடைக்கு ஒரு தேங்காய் மூடி துருவினான்.

பாகு காய்ந்தது. மூன்று ஈடாகக் கிளறி, மூன்று ஈடாக உருட்ட வேண்டும். நீளவாக்கில் செய்தித்தாளை விரித்து, வரிசைக்கு மூன்று உருண்டை என்று ரயில் பெட்டி போல அடுக்கினார்கள். ராகேலும் ரேஷ்மியும் உருட்டினார்கள். கை ஒட்டும் என்று சொல்லி செல்வின் எண்ணுகிற வேலையை எடுத்துக்கொண்டான்.

முதல் ஈடு முடிந்ததும் ராகேல் ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டாள். "இனிப்பு போதுமான்னு பாக்கணுமே." பிறகு எண்ணெயைப் பார்க்கத் திரும்பினாள். செல்வின் ஒவ்வொன்றாக எண்ணினான். நூற்றியொன்று. மூன்றால் வகுத்தால் முப்பத்துமூன்று கொத்து, மிச்சம் இரண்டு.

"மிச்சம் மாமிக்கு" என்றாள் ராகேல், துக்கப்படுகிறவளைப் போல. இரண்டும் போய்விட்டன.

வருஷா வருஷம் இப்படித்தான். முந்திரிக்கொத்து ஒருபோதும் மிச்சமில்லாமல் வகுபடாது என்றே செல்வின் நம்பியிருந்தான். எண்களில் அப்படி ஏதோ ஒரு விதி இருக்க வேண்டும், மேல்வகுப்பில் சொல்லித்தருவார்கள் என்று காத்திருந்தான்.

ரேஷ்மி எண்களைப் பார்க்கவில்லை. மாமியின் கன்னத்தைப் பார்த்தாள். மாமி இனிப்புப் பார்த்தபோது கடைசி வரிசையில் மூன்று உருண்டையும் முழுசாக இருந்தது. ஒன்றை எடுத்த பிறகு இரண்டு. ஒன்றைத் தின்று மூன்றாக்கிவிட்டாள் மாமி.

இரண்டாம் ஈடு. கடைசி வரிசை நிறைந்தது. ராகேல் பெருமூச்சு விட்டாள். "இதுல ஏலம் கூடிப்போச்சோ?" ஒன்று வாய்க்குள் போயிற்று. எண்ணெய்ப் பக்கம் திரும்பினாள். செல்வின் பென்சிலைத் தீட்டிவிட்டு எண்ணினான்.

"தொண்ணூத்தொம்பது. முப்பத்துமூணு கொத்து. மிச்சம்... இல்ல."

ராகேல் திரும்பினாள். கடைசி வரிசையில் மூன்று உருண்டை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. "நல்லா எண்ணுலே." அவன் நல்லாத்தான் எண்ணினான். மறுபடியும் தொண்ணூற்றொன்பது. ராகேல் நாக்கால் பல்லைத் துழாவிப் பார்த்தாள். தின்ற ருசி அங்கேதான் இருந்தது.

மூன்றாம் ஈட்டில் அவளுக்கு வேலையே இருக்கவில்லை. கடைசி வரிசையில் தானாகவே இரண்டுதான் வந்தது. சந்தோஷமாக அடுப்பைத் தூண்டினாள். இரண்டு மூச்சு கழித்துத் திரும்பினால் அங்கே மூன்று. செல்வின், "நூத்தியெட்டு, முப்பத்தாறு, மிச்சமில்ல" என்று அறிவித்தான்.

"இது என்ன பிசாசு வேலையாட்டு இருக்கு!"

அப்போதுதான் ரேஷ்மியின் கவுன் பாக்கெட்டில் எண்ணெய்க்கறை ஒன்று வட்டமாகப் பரவுவதைக் கண்டாள். ஒரு இஞ்சு, ஒன்றேகால் இஞ்சு. ராகேல் எட்டிப் பிடித்துப் பாக்கெட்டுக்குள் கைவிட்டாள். அடுத்த அவசரத்துக்கென்று வைத்திருந்த உருண்டை ஒன்று கையில் வந்தது. அந்தக் கவுனைத் தைத்ததும், பள்ளிக்கூடத்துக்குக் கைக்குட்டை வைக்க ஆகும் என்று பாக்கெட் வைத்ததும் ராகேல்தான்.

"கள்ளி! எத்தன வேணும்னு ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சு? நீ எண்ணவே இல்லியே."

"எதுக்கு மாமி எண்ணணும்? கடசி வரி பாத்தாப் போதுமே. ரெண்டு இருந்தா ஒண்ணு வைக்கணும். ஒண்ணு இருந்தா ரெண்டு வைக்கணும். மூணு இருந்தா..." ரேஷ்மி கொஞ்சம் தயங்கி, "மூணு இருந்தா மாமி ஒண்ணு தின்னும்" என்றாள்.

செல்வின் நோட்டை மூடினான். அம்மாவைப் பார்த்தான். ஐந்து வருஷத்துக் கிறிஸ்துமஸ் அந்தப் பார்வையில் இருந்தது. ராகேல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மாவுப் பாத்திரத்தைக் கலக்கினாள்.

நாலு மணிக்கு பிரேமா வந்தாள். ஆபீஸ் சேலையை மாற்றக்கூட இல்லை. பொரித்த கொத்துகள் பாத்திரம் பாத்திரமாக ஆறிக்கொண்டிருந்தன. பாதிச் சாமான் பிரேமா வாங்கிக் கொடுத்தது என்பதால், அவள் ஆபீஸுக்கென்று நாற்பது கொத்தை ராகேல் தனி டின்னில் எடுத்து வைத்திருந்தாள்.

"வா இங்க. பதினேழாறு?"

ரேஷ்மி கூரையைப் பார்த்தாள்.

"பதினாலெட்டு?"

கூரையில் விடை எதுவும் எழுதியிருக்கவில்லை. பிரேமாவின் முகம் இறுகியது. "உடுப்ப மடிச்சு வைங்க அக்கா. வேற பிள்ளைக்குக் குடுங்க." வாசலில் மற்றப் பிள்ளைகள் ட்ரம்மைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. ரேஷ்மி அழவில்லை. கவுன் பாக்கெட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றாள்.

"கொத்துக் கணக்கு கேளேன் பிரேமா" என்றாள் ராகேல்.

"பரீட்சைப் பேப்பர்ல முந்திரிக்கொத்தா அக்கா வரும்?"

"வராது. ஒருமட்டம் கேட்டுத்தான் பாரேன். எனக்கு வேண்டி."

பிரேமா சலிப்போடு டின்னைக் காட்டினாள். "நாப்பது கொத்து. எங்க ஆபீஸ்ல பதினாலு பேரு. ஆளுக்கு எத்தன?"

ரேஷ்மி டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். உதடு அசைந்தது. "ஆளுக்கு ரெண்டு. பன்னெண்டு மிச்சம்." பிறகு முகம் சுளித்தாள். "அது ஒருபாடு மிச்சமாச்சே. அம்மா, ஒங்க சூப்பிரண்டுக்கு ஷுகர்தானே?"

"ஆமா. அதுக்கு?"

"அப்ப அவரு வேண்டாம். பதிமூணு பேரு. ஆளுக்கு மூணு குடுத்தா ஒண்ணுதான் மிச்சம்."

பிரேமா டின்னுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "அந்த ஒண்ணு?"

"சூப்பிரண்டுக்கு. ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆவாது."

பிரேமாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு ராகேல் பக்கம் திரும்பினாள். "செரியாக்கா கணக்கு?"

ராகேல் வாயிலிருந்த ஊசிகளை எடுத்தாள். ரேஷ்மிக்கு நேராகக் குனிந்தாள். "உறப்பாணோ?"

"உறப்பு" என்றாள் ரேஷ்மி. கண்ணைத் தாழ்த்தவில்லை.

"செரிதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ராகேல் நிமிர்ந்தாள்.

பிரேமா டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "பதினேழாம் வாய்ப்பாடு ஜனவரிக்குள்ள படிக்கணும், கேட்டியா" என்றாள். ஆனால் அதற்குள் ரேஷ்மி அலமாரியைத் திறந்துவிட்டாள். பிறகு ஜரிகை, சிறகு, கண்மை, செல்வினின் தொப்பி எங்கே என்ற கூச்சல். ட்ரம் முழங்கிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் வீடு அமைதியாயிற்று.

திரவியம் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினான். "சாயா உண்டா?" என்று கேட்டபடி அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தான்.

"பதிமூணு பேரு, ஆளுக்கு மூணு" என்று ராகேல் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இடது கையில் அரிகரண்டி எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. வலது கைப் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. ஒவ்வொரு கணுவுக்கும் உதடு அசைந்தது. "முப்பது... முப்பத்திமூணு... முப்பத்தாறு..." பன்னிரண்டு கணுவும் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒன்று வேண்டும். அவள் அண்ணாந்து பார்க்காமலே கையை நீட்டி, திரவியத்தின் ஆள்காட்டி விரலை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.